மீன்கொத்திப் படையின் கிளீனர்

பாரத தேசத்தின் மேற்குக் கடல் முழுவதும் மம்சாபுரம் மலைச்சாமியின் மகன் வேல்பாண்டியை நம்பித்தான் இருந்தது. அவன் தலைக்கு மேலே பறக்கிறான் என்ற தைரியத்தில்தான் கப்பல்கள் போயின, வந்தன. மீனவர்கள் நிம்மதியாக வலை வீசினார்கள். எதிரி நாட்டு நீர்மூழ்கிகள் தண்ணீருக்கு அடியில் மூச்சுக் காட்டாமல் கிடந்தன. இந்தத் தகவலை மம்சாபுரத்துக்குத் தந்தது மலைச்சாமி ஒருவர்தான். கடற்படையிலிருந்து யாரும் வந்து அதை மறுக்கவில்லை. மறுக்க வேண்டுமென்றால் அவர்கள் இரண்டு பஸ் மாறி வரவேண்டும்.

அந்த ஊரில் பட்டாளத்துக்கோ போலீசுக்கோ ஆள் அனுப்பாத வீடு குறைவு. ஆனால் கடற்படையில் சேர்ந்து, அங்கேயும் கப்பலில் ஏறாமல் ஹெலிகாப்டரில் ஏறியவன் வேல்பாண்டி மட்டுந்தான். அது என்ன உத்தியோகம் என்று ஊருக்குச் சரியாகப் பிடிபடவில்லை. "ஒம் மகன் தண்ணியில இருக்கானா, வானத்துல இருக்கானா?" என்று யாராவது கேட்டால் மலைச்சாமி "ரெண்டுலயுந்தான்" என்று மீசையைத் தடவிக்கொள்வார். அவருக்கும் அதற்கு மேல் தெரியாது. மகன் சொல்ல வரும்போதெல்லாம் முதல் வாக்கியத்திலேயே மறித்து, மிச்சத்தைத் தானே சொல்லி முடிப்பது அவர் பழக்கம்.

மலைச்சாமி பட்டாளத்தில் லாரி ஓட்டியவர். பனிமலையில் மூன்று டன் வண்டியை ஒரு கையால் திருப்பியதாகச் சொல்வார். இன்னொரு கை என்ன செய்துகொண்டிருந்தது என்பது கேட்கிற ஆளைப் பொறுத்து மாறும். ஹவில்தாராக வெளியே வந்தவரை ஊர் பதவி ஏற்றி சுபேதார் என்றது. ஊர் ஆசையாகக் கூப்பிடுவதை எதற்குத் திருத்துவானேன் என்று பெருந்தன்மையாக விட்டுவிட்டார்.

இப்போது அவருக்கு ஒரே ஒரு கவலை. வேல்பாண்டிக்குக் கல்யாணம் தள்ளிக்கொண்டே போனது. பாதி நாள் கடல்மேல் இருக்கிறவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? வந்த வரன்கள் எல்லாம் "கலந்து பேசிட்டுச் சொல்லுதோம்" என்று போய், இன்னும் கலந்து பேசிக்கொண்டே இருந்தன. கடைசியாக ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு இடம் அமைந்தது. பெண்ணின் பெயர் வெங்கடேஸ்வரி, கோர்ட்டில் டைப்பிஸ்ட். போட்டோவைப் பார்த்த வேல்பாண்டி கொச்சியிலிருந்து போனில், "எப்ப பாக்கப் போறோம்?" என்று கேட்டான். இதற்குமுன் எந்த வரனுக்கும் அவன் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. மலைச்சாமி போனை வைத்த கையோடு ராஜபாளையத்துக்குப் போய் ஃப்ளெக்ஸ் பேனருக்குச் சொல்லிவிட்டார். பெண் வீட்டார் எப்படியும் மம்சாபுரம் வந்து விசாரிப்பார்கள். விசாரிக்கிற கண்ணில் முதலில் அதுதான் படவேண்டும்.

பேனர் கடைப் பையன், "ஹெலிகாப்டர் படம் இருக்கு அண்ணாச்சி. ஆனா பாக்கதுக்குத் தட்டான் மாதிரி இருக்கும். ஜெட்டு போட்டா கெத்தா இருக்கும்" என்றான்.

"அப்ப ஜெட்டே போடு. பக்கத்துல ஒரு சிங்கம்."

"கடலுக்குச் சிங்கமா?"

"சும்மா போடுப்பா."

இவ்வளவு அதிகாரமாகப் பேசுகிறவர் சாயங்காலமானால் டிவிக்கு முன்னால் ஒடுங்கி உட்கார்ந்துவிடுவார். வானிலை அறிக்கை. கேரளக் கடலோரம், லட்சத்தீவு, பலத்த காற்று என்று செய்திப் பெண் வாசித்தால் வாயில் வைத்த சோறு இறங்காது. மனைவி பாலம்மாள், "அங்க மழை பேஞ்சா ஒங்களுக்கு என்ன?" என்று வேண்டுமென்றே கேட்பாள். "தோட்டத்துக்கு மருந்து அடிக்கணும்ட்டி, பாக்க வேண்டாமா?" என்பார். அவர் தோட்டம் மம்சாபுரத்தில் இருந்தது. பாலம்மாளும் அதற்குமேல் கேட்கமாட்டாள், ஏனென்றால் அடுத்த தட்டில் கை வைத்தபடி அவளும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள்.

லீவில் வந்த வேல்பாண்டி விடிகாலை பஸ்ஸிலிருந்து இறங்கியதும் தன்னைத்தான் முதலில் பார்த்தான். இரண்டு ஆள் உயரத்தில், தலையில் யாருடையதோ ஹெல்மெட்டுடன், ஒரு சண்டை விமானத்துக்கும் ஒரு சிங்கத்துக்கும் நடுவில் நின்று, 'அலைகடலின் அரசனே, விமானி வேல்பாண்டியே வருக' என்று அவனே அவனை வரவேற்றுக்கொண்டிருந்தான்.

வீட்டுக்கு வந்து பையை இறக்கியவன், "ப்பா, பஸ் ஸ்டாப்புல நிக்கது யாரு?" என்றான்.

"ஏன், நீதாம்ல."

"மூஞ்சி நான்தான். மத்ததெல்லாம் யாரு?"

பாலம்மாள் காப்பியோடு வந்தவள் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

"நான் விமானி இல்லப்பா. எம்புட்டுத் தடவ சொல்லுதேன்?"

"ஹெலிகாப்டர்ல போறியா, இல்லையா?"

"போறேன்."

"அது மேல பறக்குதா, இல்லையா?"

"பறக்குது."

"பொறவு என்னலே?"

"செத்த நேரம் நான் சொல்லதக் கேளுங்க. ஓட்டுறது பைலட். அவருக்கு முன்னால தெரியும், பக்கத்துல தெரியும். நேர் கீழ தெரியாது. கடல்ல விழுந்து கெடக்கவன் எங்க கெடப்பான்? நேர் கீழதான். அதனால நான் கதவத் தெறந்து, தரையில படுத்து, தலைய வெளிய நீட்டிப் பாப்பேன். முன்னால அஞ்சு, வலது ரெண்டு, அப்படியே நில்லுங்கன்னு சொல்லிக்கிட்டே இருப்பேன். அவரு என் சத்தத்த வச்சு வண்டிய நிறுத்துவாரு. பொறவு நான் கம்பிக்கயித்த எறக்கி ஆளத் தூக்குவேன். இதுதான் என் வேலை."

மலைச்சாமி மகன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பட்டாளத்திலிருந்து வந்தபின் அவர் ராஜபாளையத்தில் ஒரு பஞ்சாலைக்குச் சில வருஷம் லாரி ஓட்டியவர். வண்டியில் யார் யார் என்னென்ன என்பது அவருக்குத் தெரியும். ஸ்டியரிங் பிடித்தவன் டிரைவர். பின்னால் இறங்கி நின்று தட்டிக்கொண்டு, "வா, வா, ஒடி, நில்லு" என்று கத்துகிறவனுக்கு ஒரு பெயர் இருந்தது. அவனுக்கு டீ கடைசியில்தான் வரும். அவன் தார்ப்பாய்மேல் படுப்பான்.

"ஏலே" என்றார் மெதுவாக. "அப்ப நீ கிளீனரால?"

வேல்பாண்டி யோசித்தான். "அப்படியும் சொல்லலாம்" என்றான்.

"டிரைவர் மகன் கிளீனர்னு வெளிய தெரிஞ்சா..."

"ஒங்க லாரியில ஒருத்தன் இருந்தானே, அவன் இல்லாம நீங்க எந்தச் சந்துக்குள்ள போயிட்டு வந்தீக?" என்றாள் பாலம்மாள்.

"நீ சும்மா கெட. லாரியும் ஹெலிகாப்டரும் ஒண்ணா?"

"நீங்கதான ஒண்ணுன்னீக?"

வேல்பாண்டி காப்பியைக் குடித்து முடித்தான். "அந்தப் புள்ளகிட்ட உள்ளத உள்ளபடிதான் சொல்லுவேன். கட்டிட்டு வந்து கொச்சியில பாத்துட்டு, ஏமாத்திட்டாகன்னு நெனைக்கப்பிடாது."

"கல்யாணம் முடியட்டும்யா. பொறவு நானே சொல்லுதேன்."

"நீங்க சொன்னதுதாம்ப்பா அங்க நிக்குது, சிங்கத்தோட."

வெள்ளிக்கிழமை காலையில் மலைச்சாமி தன் பழைய ஆம்னி வேனை எடுத்தார். ஆனி மாதம். ராஜபாளையத்துக்குப் போய் ஒரு கூடை நிறைய சப்பட்டை மாம்பழம் வாங்கினார். பால்கோவாவும் வாங்கலாமா என்று அவர் யோசித்தபோது, "ஸ்ரீவில்லிபுத்தூருக்கா?" என்று பாலம்மாள் கேட்டதில் அந்த யோசனை நின்றது. கூடை, வாழைத்தார், தேங்காய், பூ, வெற்றிலைத் தட்டு எல்லாம் வேனின் பின்பக்கத்தை அடைத்துக்கொண்டன. உள்ளே இருக்கிற கண்ணாடியில் பார்த்தால் வாழைத்தார் மட்டும் தெரிந்தது. மலைச்சாமி அதைப் பொருட்படுத்தவில்லை.

போகிற வழியில் ஒரு கண்மாய் வந்தது. வேல்பாண்டி கையை நீட்டினான். "ப்பா, அந்தா பாருங்க, எங்க ஸ்குவாட்ரன்."

மலைச்சாமி வேகத்தைக் குறைத்து வானத்தைத் தேடினார். வானத்தில் ஒன்றும் இல்லை. தண்ணீருக்கு மேலே கருப்பும் வெள்ளையுமாக ஒரு மீன்கொத்தி, ஒரே இடத்தில் இறக்கையை அடித்தபடி அந்தரத்தில் நின்றுகொண்டிருந்தது.

"அதுவா?"

"எங்க சின்னம் அதுதான். சட்டைக் கையில தச்சிருக்குல்ல, நீங்க பாக்கலியா? ஒவ்வொரு ஸ்குவாட்ரனுக்கும், அதான் ஹெலிகாப்டர் படைக்கும், ஒரு சின்னம், ஒரு பேரு. எங்களுக்கு மீன்கொத்தி."

"கழுகு கெடைக்கலியாக்கும்?"

"கழுகு நிக்காதுப்பா, சுத்திக்கிட்டே இருக்கும். எங்க வேலை நிக்கிறதுதான். காத்து தள்ளும், கீழ அலை ஏறி எறங்கும், நாங்க நிக்கணும். சண்டைன்னு வந்தா நீர்மூழ்கியத் தேடணும். சண்டை இல்லாத நாள்ல விழுந்த ஆளத் தேடணும். கண்டுபிடிச்ச எடத்துக்கு மேல நிக்கணும். அம்புட்டுதான்."

"எங்க பட்டாளத்துக்குப் புலி" என்றார் மலைச்சாமி.

"புலியப் பாத்திருக்கீங்களா?"

"பேட்ஜில பாத்திருக்கேன்."

பாலம்மாள் பின்னாலிருந்து, "மீன்கொத்தியாவது அன்னாடம் கண்ணுக்கு முன்னால இருக்கு" என்றாள். மலைச்சாமி ஹாரன் அடித்தார். எதிரில் யாரும் இல்லை.

பெண் வீடு கோயிலுக்குப் பின்பக்கம் ஒரு முட்டுச்சந்தின் கடைசியில் இருந்தது. பெண்ணின் அப்பா சமுத்திரம் போலீஸில் இருந்தவர். ஓய்வு பெறுகிற வருஷத்தில் எஸ்.ஐ. ஆனவர். வாசல் பலகையில் 'எஸ்.ஐ.' என்பது பெரிதாகவும் 'ஓய்வு' என்பது பல்லி முட்டை அளவிலும் எழுதியிருந்தது. மலைச்சாமிக்கு அந்தப் பலகையைப் பார்த்ததுமே மனிதரைப் பிடித்துவிட்டது.

உட்கார்ந்ததும் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் சல்யூட் வைக்காத குறைதான். சுபேதார் என்றார் சமுத்திரம். இன்ஸ்பெக்டர் என்றார் மலைச்சாமி. இப்படி ஒருவருக்கொருவர் பதவி உயர்வு கொடுத்துக்கொண்டிருக்கும்போது வெங்கடேஸ்வரி காப்பி கொண்டுவந்தாள். கொடுத்துவிட்டு உள்ளே போகாமல் அம்மா சுடலையம்மாள் பக்கத்தில் கதவோரமாக நின்றுகொண்டாள். கோர்ட்டில் வருஷக்கணக்காக சாட்சி சொல்கிறவர்களின் வாக்குமூலத்தை டைப் அடிக்கிறவள். எவன் எங்கே எச்சிலை விழுங்குகிறான் என்று அவளுக்குக் காது சொல்லிவிடும்.

"தம்பி என்ன விமானம் ஓட்டுறாப்ல?" என்று தொடங்கினார் சமுத்திரம். "மம்சாபுரம் வந்திருந்தேன். பேனர்ல பாத்தேன். ஜெட்டு போல."

"எல்லாம் ஓட்டுவான்" என்று மலைச்சாமி எச்சிலை விழுங்கினார்.

வேல்பாண்டி காப்பித் தம்ளரைக் கீழே வைத்தான். "நான் ஓட்டல மாமா. அது அப்பா ஆசைக்குப் போட்டது. நான் கடற்படை ஹெலிகாப்டர் ஸ்குவாட்ரன்ல இருக்கேன். பைலட் இல்ல. வாசல்ல படுத்து பைலட்டுக்கு எடம் சொல்லுவேன், கடல்ல கெடக்க ஆளக் கயித்துல தூக்குவேன்." பிறகு, எதையும் மறைத்தது போல ஆகிவிடக்கூடாது என்று நினைத்தோ என்னவோ, "எங்கப்பா கணக்குல கிளீனர்" என்றும் சேர்த்துக்கொண்டான்.

மலைச்சாமி தன் மீசையைத் தடவக் கையைத் தூக்கி, பாதியில் இறக்கிவிட்டார்.

"நான் ஒண்ணு கேக்கட்டுமா?" என்றாள் வெங்கடேஸ்வரி.

எல்லோரும் திரும்பினார்கள். அவள் வேல்பாண்டியைத்தான் பார்த்தாள். "தூக்கிக் கொண்டாந்து உள்ள போட்ட உடனே அவிய என்ன சொல்லுவாக?"

இந்தக் கேள்வியை அவனிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை. "ஒண்ணும் சொல்ல மாட்டாக" என்றான். "சத்தத்துல கேக்கவும் செய்யாது. காலப் புடிச்சுக்கிடுவாக. எறங்குற வரைக்கும் விட மாட்டாக. நானும் எடுத்துவிட மாட்டேன்." பிறகு, "ஒரு பெரியவர் மட்டும் காதுகிட்ட வந்து செருப்பக் கேட்டாரு" என்றான்.

"செருப்பா?"

"ரெண்டு நாள் கடல்ல மெதந்தவரு. மேல வந்ததும் காலப் பாத்துட்டு, என் செருப்பு எங்கன்னு கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னீக?"

"கொண்டு வாரேன்னு சொன்னேன். வேற என்ன சொல்ல?"

வெங்கடேஸ்வரி தலையைக் குனிந்துகொண்டாள். சிரித்தாளா என்று மலைச்சாமிக்குத் தெரியவில்லை. ஆனால் சமுத்திரம் சிரிக்கவில்லை. அவர் தொண்டையைச் செருமினார். பேனரைப் பார்த்துவிட்டு வந்து சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் பைலட் என்று சொல்லியாயிற்று. இப்போது எந்த முகத்தோடு போய்த் திருத்துவது என்பது அவர் கஷ்டம். "நல்லது. கலந்து பேசிட்டுச் சொல்லுதோம்" என்றார். பிறகு எழுந்து, கூடத்து ஓரத்தில் இறக்கி வைத்திருந்த மாம்பழக் கூடையைக் காட்டி, "இது இப்ப ஒங்க வண்டியிலயே இருக்கட்டும். பொறவு பாத்துக்கிடலாம்" என்று சொன்னார்.

அந்தப் பக்கத்தில் இதற்கு விளக்கவுரை தேவையில்லை. கொண்டுவந்த பழத்தை உள்ளே எடுத்து வைத்தால் சம்மதம். திருப்பிக் கொடுத்தால், பேச்சு முடிந்தது.

வேல்பாண்டி கூடையைத் தூக்கிக்கொண்டுபோய் வேனில் வைத்தான். வாழைத்தாருக்குப் பக்கத்தில் அதை ஆடாமல் அமர்த்தி, சரிந்த பழம் ஒன்றை எடுத்துச் சரியாக அடுக்கினான். மலைச்சாமி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் முகத்தில் கோபம் இருந்தால் அவருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். இல்லை. அந்தப் பழத்தை அவன் அடுக்கிய பதனத்தைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. தாங்க முடியாததை எல்லாம் மலைச்சாமி ஒரே வழியில்தான் வெளியே காட்டுவார். போய் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார்.

முட்டுச்சந்து. திருப்ப இடமில்லை. வந்த வழியே ரிவர்ஸில்தான் போகவேண்டும். இரண்டு பக்கமும் சாக்கடை, அதன்மேல் மூடு கல் சில இடத்தில் இருந்தது, சில இடத்தில் இல்லை. வழியனுப்ப வாசலுக்கு வந்த சமுத்திரம் குடும்பமும், எதற்கும் இருக்கட்டும் என்று வந்த எதிர்வீட்டுக்காரர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வேல்பாண்டி பின்னால் போய் நின்றான். "வாங்கப்பா. வாங்க. கொஞ்சம் வலது. வலதுப்பா..."

பனிமலையில் மூன்று டன்னைத் திருப்பியவனுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் சந்தில் ஒருவன் வழி சொல்கிறான். அதுவும் எந்த வேலையால் இப்போது எல்லாம் கெட்டதோ, அதே வேலையை அத்தனை பேர் முன்னால் செய்துகாட்டிக்கொண்டு. மலைச்சாமி கண்ணாடியைப் பார்த்தார். வாழைத்தார் தெரிந்தது.

"நில்லுங்க" என்றான் வேல்பாண்டி. "ப்பா, நில்லுங்க!"

அவர் ஆக்சிலேட்டரை மிதித்தார்.

வேன் ஒரு பக்கமாக உட்கார்ந்தது. பின்சக்கரம் சாக்கடைக்குள் இறங்கிவிட்டது. உள்ளே பாலம்மாள், "பெருமாளே" என்றாள். பிறகு, "அவன் சொன்னான்ல?" என்றாள்.

மலைச்சாமி கதவைத் திறந்து இறங்கினார். தப்பு யாருடையது என்பதை அங்கேயே தீர்த்துவிட வேண்டும் என்று மகனைப் பார்த்தபடியே, "எப்ப சொல்லணுமோ அப்ப சொல்ல மாட்டியால?" என்று கேட்டுக்கொண்டே பின்பக்கமாக வந்தார். கீழே பார்க்கவில்லை. மூடு கல் இல்லாத இடம் ஒன்று அவருக்காக அங்கே காத்துக்கொண்டிருந்தது. ஒரு கால் முழங்கால் வரை உள்ளே போயிற்று. அதை எடுக்கப் போய் இன்னொன்றும் போயிற்று. உட்கார்ந்தும்விட்டார்.

யாரும் சிரிப்பதற்குள் வேல்பாண்டி அங்கே இருந்தான். அக்குளுக்கு அடியில் இரண்டு கையையும் கொடுத்து, காதுக்குப் பக்கத்தில், "என்னப் புடிச்சுக்கிடுங்க. கீழ பாக்காதீங்க. என்னப் பாருங்க" என்றான். அந்தக் குரலை மலைச்சாமி இதற்குமுன் கேட்டதில்லை. அவசரம் இல்லை, கூச்சல் இல்லை, மறுத்துப் பேச இடமும் இல்லை. அவர் மகனைப் பார்த்தார். அடுத்த நொடி மேலே இருந்தார். மகனின் கால்சட்டையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தது அப்புறந்தான் தெரிந்தது. அதை விடவும் தோன்றவில்லை.

குனிந்து காலைப் பார்த்தார்.

"என் செருப்பு எங்கலே?" என்றார்.

வாசலில் வெங்கடேஸ்வரி சத்தமாகவே சிரித்துவிட்டாள். சுடலையம்மாள் "ஏட்டி" என்று அவள் கையைக் கிள்ளினாள். கிள்ளிய கையோடு அவளும் சிரித்தாள்.

"கொண்டு வாரேன்ப்பா" என்றான் வேல்பாண்டி.

வண்டியைத் தூக்கச் சந்துக்காரர்கள் நாலைந்து பேர் வந்தார்கள். முதலில் பாரத்தை இறக்க வேண்டியிருந்தது. வாழைத்தார், தேங்காய், கூடை எல்லாம் தெருவுக்கு வந்தன. பாலம்மாளும் இறங்கினாள். சக்கரத்தைத் தூக்கி வெளியே வைத்தார்கள். மலைச்சாமி வண்டியைச் சந்தின் கடைசிவரை முன்னால் கொண்டுவந்தார். மறுபடியும் ரிவர்ஸ் எடுக்கவேண்டும். சாக்கடை சொட்டச் சொட்ட அவரேதான் ஸ்டியரிங்கில் இருந்தார். அந்த வேனின் கியர் அவர் ஒருவர் கைக்குத்தான் விழும்.

வேல்பாண்டி இந்தமுறை பின்னால் போய் நிற்கவில்லை. பக்கவாட்டுத் தள்ளுகதவை முழுக்கத் திறந்து, வேனின் தரையில் குப்புறப் படுத்து, தலையையும் தோளையும் வெளியே நீட்டிக்கொண்டான்.

"ப்பா, நீங்க பின்னால பாக்காதீங்க. நேரா பாத்துக்கிட்டே இருங்க. நான் இருக்கேன்."

மலைச்சாமி நேராகப் பார்த்தார். நேராகப் பார்த்தால் சமுத்திரம் வீட்டுப் பலகைதான் தெரிந்தது.

"வாங்க. வாங்க. நல்லா வருது. வலது கொஞ்சம். போதும். அப்படியே வாங்க... நில்லுங்க. இப்ப ரொம்ப மெதுவா. ஒரு சாண் இருக்கு. வாங்க, பயப்படாதீங்க, ஒரு சாண் எனக்குப் போதும். வாங்க..."

குரல் ஒரு கணம்கூட விடவில்லை. சொல்ல ஒன்றும் இல்லாதபோதும் "வாங்க, வாங்க" என்று அது சன்னமாகப் போய்க்கொண்டே இருந்தது, இருட்டில் கையைப் பிடித்துக் கூட்டிப்போகிற மாதிரி. கொச்சியில் புயல் என்று டிவிப் பெண் வாசிக்கிற நாட்களில், எங்கேயோ காற்றுக்கு நடுவில் ஒருவன் இந்தக் குரலை நம்பித்தான் அந்தரத்தில் வண்டியை நிறுத்துகிறான் என்று மலைச்சாமிக்குத் தோன்றியது. அந்த பைலட் யாரோ, எந்த ஊர்க்காரனோ. அவன்மேல் அவருக்குக் கொஞ்சம் பொறாமைகூட வந்தது. அவன் தினமும் கேட்கிறான். அவருக்கு இன்றைக்குத்தான் வாய்த்தது. கண் கரித்தது. சாக்கடை நாற்றம் என்று வைத்துக்கொண்டார்.

சந்து முனைக்கு வந்து, "போதும்ப்பா, வந்துட்டோம்" என்று குரல் நின்றபோது அவருக்கு இன்னும் கொஞ்சம் நீளமான சந்தாக இருந்திருக்கலாம் என்றிருந்தது.

இருவரும் சாமான்களை எடுத்துப்போகத் திரும்பி நடந்து வந்தார்கள். தேங்காய் இருந்தது. வாழைத்தார் இருந்தது. கூடையைக் காணவில்லை.

"கூடை எங்கட்டி?" என்றார் மலைச்சாமி.

பாலம்மாள் சமுத்திரம் வீட்டு வாசலைப் பார்த்தாள். சமுத்திரம் மகளைப் பார்த்தார்.

"நான்தான் எடுத்து உள்ள வச்சேன்" என்றாள் வெங்கடேஸ்வரி.

"வெயிலுக்கா வச்ச?" என்றார் சமுத்திரம். அவள் தப்பித்துக்கொள்ள ஒரு வழி விட்டுத்தான் கேட்டார்.

"இல்லப்பா. வச்சுட்டேன்."

"பைலட்டுன்னு எல்லார்ட்டயும் சொல்லி வச்சிருக்கேனேம்மா."

"நீங்க சொன்னத நீங்க திருத்திக்கிடுங்க. எங்கிட்ட அவுக பொய் சொல்லல." அவள் வேல்பாண்டி பக்கம் திரும்பினாள். சட்டையெல்லாம் அவனுக்கும் சேறு. "கொச்சியில வீட்டுக்குத் தண்ணி நல்லா வருமா?" என்று கேட்டாள்.

"வரும்" என்றான் வேல்பாண்டி. இன்னும் ஏதாவது சொல்லவேண்டும் போலிருந்தது. "நல்லா வரும்" என்றான்.

சமுத்திரம் எத்தனையோ பேரை ஒப்புக்கொள்ள வைத்தவர். ஒப்புக்கொண்ட முகம் எப்படி இருக்கும் என்று தெரியும். மகள் முகத்தையும் அந்தப் பையன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டு, "உள்ள வாங்க மச்சான், காலக் கழுவுங்க" என்று மலைச்சாமியின் கையைப் பிடித்தார். சுபேதார் போய் மச்சான் வந்தது. மலைச்சாமி புழக்கடைக்குப் போனார். சுடலையம்மாள் அடுப்பில் மறுபடி பால் வைத்தாள். எதிர்வீட்டுக்காரர்கள் போவதாக இல்லை.

வெயில் தாழ்வதற்குள் வெற்றிலை, பாக்கு, தேங்காய் வைத்துத் தட்டு மாற்றிக்கொண்டார்கள். ஆவணியில் கல்யாணம் என்று பேசி முடித்தார்கள். மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று எதிர்வீட்டுப் பெரியவர் கேட்டபோது மலைச்சாமி எழுந்து நின்று, மீன்கொத்தியில் தொடங்கி, கதவோரம் படுப்பது, கயிறு இறக்குவது, நிறுத்திவைப்பது வரை ஒன்று விடாமல் சொன்னார். நடுவில் இரண்டு இடத்தில் தப்பாகச் சொல்லி, மகன் திருத்தியதும் ஏற்றுக்கொண்டார்.

அவர் அப்படி எழுந்து நின்று பேசியது சமுத்திரத்தின் பழைய லுங்கியில். பின்பக்கம் அது ஒரு சாண் கிழிந்திருந்தது.